ரெகுலேட்டருக்கே லீவு!

ரெகுலேட்டர்னு சொன்னதும் ஹாஸ்டல் ரூம் சுவத்துல அஞ்சு நம்பரோட இருக்குமே, அதுதானே ஞாபகத்துக்கு வருது? நாம பார்க்கப்போறது டெல்லியில இருக்கிற பெரிய ரெகுலேட்டர். பேரு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2020 ஆகஸ்ட்டில் சுப்ரீம் கோர்ட் அந்த ஆணையத்தில் இருந்தவங்களை எல்லாம் லீவுல போகச் சொல்லிடுச்சு. ஏன்?

கொஞ்சம் ரிவைண்ட் பண்ணுவோம். என்.டி.பி.சி., நெய்வேலி எல்லாம் மத்திய அரசு கம்பெனிகள். அந்த கரன்ட்டுக்கு விலை வெச்சதும் முன்னாடி மத்திய அரசேதான். பரீட்சை எழுதினவரே பேப்பர் திருத்தின கதை! இதை மாத்தத்தான் 1998-ல் சட்டம் போட்டு ஆணையம் வந்தது. இப்போ அதுக்கு பைபிள், 2003-ம் வருஷ மின்சாரச் சட்டம். வீட்டு யூனிட் ரேட்டை மாநில ஆணையம்தான் வைக்குது. ஆனா, நெய்வேலி கரன்ட்டை தமிழ்நாட்டுக்கு என்ன விலைக்கு விற்கலாம்னு சொல்றது, 79-வது பிரிவுப்படி டெல்லி ஆணையம். அந்தச் செலவும் சேர்ந்துதான் உங்க ஈ.பி. பில்!

விதி எழுதறதோட வேலை முடியலை. மின்நிலையத்துக்கும் கரன்ட் வாங்கறவங்களுக்கும் சண்டை வந்தா, தீர்ப்பு சொல்றதும் இதே ஆணையம்தான். அப்போ சட்டம் தெரிஞ்ச ஒருத்தர் உள்ளே வேணாமா?

77-வது பிரிவைப் படிச்சா வேடிக்கையா இருக்கும். நாலு சீட். ஒண்ணு மின்சார இன்ஜினீயரிங் அனுபவசாலிக்கு, ஒண்ணு நிதி தெரிஞ்சவருக்கு. மிச்ச ரெண்டும் பொருளாதாரம், வணிகம், சட்டம் 'அல்லது' மேனேஜ்மென்ட் ஆட்களுக்கு. அந்த 'அல்லது'தான் வில்லன். வக்கீல் வாசனையே இல்லாம ஆணையத்தை ஓட்டலாம். ஓட்டவும் செஞ்சாங்க.

குஜராத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2018 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் கறாரா சொன்னது: 'தீர்ப்பு சொல்ற இடத்துல ஒரு சட்ட உறுப்பினராவது கட்டாயம் இருக்கணும்'. ஆனா டெல்லியில அந்த சீட் நிரம்பவே இல்லை. கோர்ட் அவமதிப்பு வழக்கு, கோர்ட்டுக்குக் கோபம், மத்தவங்களுக்கு லீவு. 2021 தொடக்கத்துலதான் வேலை மறுபடி ஆரம்பிச்சது. அத்தனை மாசமும் வழக்கெல்லாம் தூங்குச்சு!

அரசாங்கத்தோட பிடி மொத்தமா போயிடுச்சானு கேட்டா, இல்லை பாஸ். ஆட்களை நியமிக்கிறது மத்திய அரசு. 107-வது பிரிவுப்படி, பொதுநலன் சார்ந்த கொள்கை உத்தரவுகளையும் அது போடலாம். எது பொதுநலன்னு சந்தேகம் வந்தா? அரசு சொல்றதே முடிவு! படிக்கும்போது இந்த இடம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது.

உங்களுக்கும் ஒரு சான்ஸ் இருக்கு. 178-வது பிரிவுப்படி, ஆணையம் எந்த விதிமுறை கொண்டுவந்தாலும் முதல்ல வரைவை வெளியிட்டாகணும். அதுக்கு யார் வேணும்னாலும் கருத்து அனுப்பலாம். இப்போதைய கட்டண விதிமுறை 2029 மார்ச் 31 வரைக்கும். அடுத்ததுக்கான வரைவு வரும்போது ஒரு பக்கம் எழுதிப் போடுங்க. லா காலேஜ் பசங்க மட்டும்தான் எழுதணும்னு எந்தப் பிரிவும் சொல்லலை!