மௌனம் சம்மதமாகுமோ? - செல்பேசியில் வரும் வேண்டா வணிக அழைப்புகளைத் தடுத்தல்

திருக்குறளின் இருபதாம் அதிகாரம் ‘பயனில சொல்லாமை’. கேட்போர்க்கு வெறுப்பூட்டும் வீண்சொற்களை அவ்வதிகாரம் கடிகிறது. வள்ளுவர் காலத்தில் அத்தகைய சொல்லைக் கேட்க நேர்ந்தவர் எழுந்து அப்பால் செல்ல இயலும். இன்றோ அச்சொல் நம் சட்டைப்பையிலிருந்தே ஒலிக்கிறது. இந்தியாவின் முதல் செல்பேசி உரையாடலை 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு நிகழ்த்தினார். அன்று செல்வர் சிலர்க்கே உரியதாயிருந்த கருவி பின்னர் உழைக்கும் மக்களின் கைக்கும் வந்தது. அதனுடன் ‘கடன் வேண்டுமா? மனை வேண்டுமா?’ என வினவும் அழையா விருந்தினர் குரலும் வந்து சேர்ந்தது. அக்குரலைத் தடுக்கச் சட்டம் வகுத்துள்ள வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தறியும் தொலைபேசியும்

இத்தொல்லை மிகச் சிறிதென எண்ணுவோர் காஞ்சிபுரத்துக் குழித்தறி ஒன்றை நோக்குதல் வேண்டும். கோர்வை முறையில் பட்டு நெய்கையில் சேலையின் உடலுக்கும் கரைகளுக்கும் வேறுவேறு நாடாக்கள் ஓடும். நெசவாளர் நாடாவை எறிய, உடனிருக்கும் துணையாள் கரை நாடாவைத் தள்ளித் தருவார். செல்பேசி ஒலித்தால் இருவர் கையும் நிற்கும். அழைப்பது கூட்டுறவுச் சங்கமாகலாம். பிள்ளை படிக்கும் பள்ளியாகவும் இருக்கலாம். ஆதலின் எடுக்காமலிருக்க இயலாது. எடுத்தால் கடன் அட்டை விற்பவரின் குரல்! சேலைக் கணக்கில் கூலி பெறுபவர்க்கு நின்ற தறி ஊதியம் தருவதில்லை. அறியாத எண்களை எல்லாம் ஒலிக்காமற் செய்யும் வசதி செல்பேசியில் உண்டு. ஆயின் அது வேண்டிய அழைப்பையும் சேர்த்தே தடுத்துவிடும். குறித்த ஓர் எண்ணை மட்டும் தடுத்தாலோ, விற்பனையாளர் மற்றோர் எண்ணிலிருந்து அழைப்பார்.

சட்டம் வளர்ந்த வரலாறு

இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டிலும் ‘அழைக்க வேண்டா’ என்போர்க்கான பதிவேடுகள் செயற்பட்டன. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2007ஆம் ஆண்டில் இத்தகைய தேசியப் பதிவேட்டை ஏற்படுத்தியது. 2010ஆம் ஆண்டு விதிகள் 1909 என்னும் எண்ணைப் பதிவுக்கும் முறையீட்டிற்கும் உரியதாக்கின. விளம்பர அழைப்புகளுக்கு 140 எனத் தொடங்கும் எண்களை வகுத்தன. 2018ஆம் ஆண்டு விதிகள் வணிகச் செய்தி அனுப்புவோர் அனைவரும் மின்னணுப் பேரேட்டில் பதிவு செய்தல் வேண்டும் என்றன. 2025 பிப்ரவரியில் அவ்விதிகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. விளம்பர அழைப்பு 140 வரிசையிலும், சேவை மற்றும் பணப் பரிமாற்றம் குறித்த அழைப்பு 1600 வரிசையிலும் வருதல் வேண்டும் என்பது முறை. சாதாரணப் பத்திலக்க எண்ணிலிருந்து விற்பனை பேசுவது விதிமீறலாகும்.

மௌனத்தின் பொருள்

இவ்விடத்தில் ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். ‘மௌனம் சம்மதம்’ என்பது நம் நாட்டு வழக்கு. நம் விதிகளும் அவ்வழக்கையே பின்பற்றுகின்றன. ‘வேண்டா’ எனப் பதிவு செய்யாதவரைப் பதிவுபெற்ற விற்பனையாளர் அழைக்கலாம். ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கு நுகர்வோரின் முன்னிசைவு பெறாமல் விற்பனைக்காக அழைத்தல் குற்றம். இங்கோ வாய்திறந்து மறுக்கும் கடமை நம்முடையதாகிறது.

மறுப்பதும் எளிதே. 1909 என்னும் எண்ணை அழைத்துக் கூறலாம். அன்றி, ‘ஸ்டார்ட்’ என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, இடைவெளி விட்டு 0 சேர்த்து, அவ்வெண்ணுக்கே குறுஞ்செய்தியாக அனுப்பலாம். வணிக அழைப்புகள் யாவற்றையும் தடுக்க விரும்பாதவர், வங்கி, மனை, கல்வி, உடல்நலம் முதலிய பிரிவுகளுள் வேண்டாதவற்றை மட்டும் தடுக்கலாம். டிராயின் செயலியிலும் இதனைச் செய்யலாம்.

எனினும் நாமே அளித்த இசைவு இத்தடையைக் கடந்து வரும் என்பதை மறத்தலாகாது. கடையில் பட்டியல் போடுகையில் எண்ணைச் சொல்வதும், படிவத்தின் அடியிலுள்ள கட்டத்தில் குறியிடுவதும் சிந்தித்துச் செய்யத்தக்கன. அளித்த இசைவைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. அவ்வாறு பெற்றவரிடம் 90 நாள் கழியுமுன் மீண்டும் இசைவு கேட்டல் கூடாது.

ஐவர் கூடினால்

பதிவேடு சட்டத்திற்கு அஞ்சுபவரையே தடுக்கும். பதிவு பெறாமல் பத்திலக்க எண்ணில் அழைப்பவரைத் தடுக்க முறையீடு ஒன்றே வழி. அழைத்த எண், நாள், பேசிய பொருள் ஆகியவற்றை 7 நாளுக்குள் 1909க்குத் தெரிவித்தல் வேண்டும். தம் எண்ணைப் பதிவேட்டில் பதியாதவரும் இம்முறையீட்டைச் செய்யலாம். 10 நாளுக்குள் வெவ்வேறு ஐவர் முறையிட்டால், அவ்வழைப்பாளர்மீது நடவடிக்கை தொடங்கும். முதல் மீறலுக்கு அவர் அழைக்கும் வசதி 15 நாள் நிறுத்தப்படும். மீண்டும் மீறினால் அவருடைய இணைப்புகள் அனைத்தும் ஓராண்டு துண்டிக்கப்படும். விற்பனையின் பெயரால் ஏமாற்ற முயலும் அழைப்பாயின், அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் தெரிவிக்கலாம். பணம் பறிபோயிருப்பின் உடனே 1930ஐ அழைத்தல் வேண்டும்.

ஐவர் என்பது பெரிய தொகையன்று. ஒரு தெருவின் ஐந்து வீடு. ஆயினும் ஐவரும் ‘நமக்கேன் வம்பு’ என வாளா இருந்துவிட்டால் விதி ஏட்டளவில் நிற்கும். தறி நின்றுகொண்டே இருக்கும். ஒருவர் எரிச்சலுடன் இணைப்பைத் துண்டிப்பதால் அவர்க்கு மட்டும், அந்நொடிக்கு மட்டும் விடுதலை கிட்டும். அவரே இரு நிமிடம் செலவிட்டு முறையிட்டால், முகமறியாத மற்றொருவரின் வேலையும் உறக்கமும் காக்கப்படும். மாணவச் செல்வங்கள் தம் இல்லத்து முதியோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் 1909இன் பயனை எடுத்துரைப்பார்களாயின், அது கற்ற கல்வியால் ஊருக்குச் செய்யும் நற்றொண்டாகும்.