பத்தாம் வகுப்புக்குப் பின் பட்டறைக்குச் செல்லும் பிள்ளைகள்

ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் பங்குகளில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி எழுகின்றது. பிள்ளையை எதில் சேர்ப்பது? மதிப்பெண் நிறைய இருந்தால் பதினோராம் வகுப்பு, அதன்பின் பொறியியல் அல்லது மருத்துவம். குறைவாக இருந்தால், "வேற வழியில்ல, ஐ.டி.ஐ.யில போட்டுடலாம்" என்கின்றோம். இந்த "வேற வழியில்ல" என்ற சொல்லைப் பற்றிச் சற்றுச் சிந்திக்க விரும்புகின்றோம். ஏனெனில் நாம் அதைச் சொல்லும்போது பிள்ளை பக்கத்திலேயே நிற்கின்றான். இரண்டு ஆண்டுகள் அந்தப் பட்டறைக்குப் போகப்போகிறவன் அவன். தோற்றவன் என்ற எண்ணத்தோடு போகிறவன் என்ன கற்றுக்கொள்வான்?

நம் காரைக்கால் சிறிய நிலப்பகுதி. கிழக்கே வங்கக் கடல், மற்ற பக்கங்களில் தமிழ்நாடு. நம் ஆட்சித் தலைநகரான புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றது. நெல்லும் மீனும்தான் நம் பழைய வாழ்வாதாரங்கள். ஆனால் திரு.பட்டினத்தில் இயற்கை எரிவாயுவில் ஓடும் 32.5 மெகாவாட் மின் நிலையமும் இரசாயன ஆலையும் இயங்குகின்றன. வாஞ்சூரில் 2009 முதல் துறைமுகம் செயல்படுகின்றது. இவற்றுக்கெல்லாம் பிட்டர், வெல்டர், எலக்ட்ரீசியன் வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குத்தான் வேலை கிடைக்கின்றது என்ற மனக்குறை நம் மக்களிடம் உண்டு. அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் கையில் தொழிற்சான்று இல்லாமல் வாசலில் நின்று அந்த நியாயத்தைக் கேட்க முடியாது.

சரி, அங்கே என்னதான் கற்றுக்கொடுக்கின்றார்கள்? பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை. பிட்டர் பிரிவையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் படித்துத் தேர்ச்சி பெற்றவர்கள் இதில் சேரலாம். படிப்பு இரண்டு ஆண்டுகள். முதல் வாரங்களில் மாணவன் செய்வதெல்லாம் ஓர் இரும்புத் துண்டை வைஸில் பிடித்து அரத்தால் தேய்ப்பதுதான். கை கொப்பளித்துப் போகும். தேய்த்த பக்கம் சமமாக இருக்கின்றதா, அடுத்த பக்கத்தோடு செங்கோணமாகச் சேர்கின்றதா என்று மூலைமட்டம் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடியும் தேய்க்க வேண்டும். பிறகு வெர்னியர் காலிப்பர் வருகின்றது. அதில் ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்து, 0.02 மில்லிமீட்டர் வரை அளந்து படிக்கின்றான். மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டர் வரை. இதோடு பட்டறைக் கணக்கும் பொறியியல் வரைபடமும் உண்டு. மதிப்பெண் குறைந்தவன் என்று நாம் ஒதுக்கிய பிள்ளை, தலைமுடியின் பருமனை விடச் சிறிய அளவுகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றான். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய வெல்டர் போன்ற ஓராண்டுப் பிரிவுகளும் இருக்கின்றன.

வரைபடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பொருளைச் செய்வது ஒரு திறமை. எப்படிச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சிந்தித்து வரைவது இன்னொரு திறமை. அதைத்தான் இன்று பொருள் வடிவமைப்பு என்கின்றார்கள். இதைப் புரிந்துகொள்ள நம் மீனவ ஊர்களுக்குப் போனாலே போதும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அச்சில் மெழுகு தடவி, கண்ணாடியிழைப் பாயை ரெசினில் தோய்த்து அடுக்கடுக்காகப் பதித்துச் செய்யும் படகு அது. உதவி செய்ய வந்தவர்கள் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்கள். ஆனால் தமிழகக் கடலோரத்தில் அவசரமாகக் கட்டப்பட்ட படகுகளில் தரம் குறைந்தவை பல இருந்தன என்பது பின்னர் தெரியவந்தது. எத்தனை அடுக்கு போட வேண்டும், எங்கே கனம் வேண்டும், இந்தக் கரையின் அலைக்கு அணியம் எவ்வளவு உயர வேண்டும் என்பதெல்லாம் வடிவமைப்புக் கேள்விகள். கடலையும் தெரிந்து, வரைபடமும் தெரிந்த ஒரு மீனவரின் மகன் அந்தக் கேள்விகளைக் கேட்டிருப்பான். அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் போதிய அளவு உருவாகவில்லை. கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் அவன் இருக்கக்கூடும். அவள் என்றும் சொல்லலாம்.

விவிலியம் இதைப் பற்றி என்ன சொல்கின்றது? சீராக் நூலின் 38ஆம் அதிகாரத்தை எடுத்து 24ஆம் வசனம் முதல் வாசித்துப் பாருங்கள். முத்திரை செதுக்குபவர், உலையின் வெப்பத்தில் நின்று போராடும் கொல்லர், காலால் சக்கரம் சுழற்றும் குயவர் என்று ஒவ்வொருவரையும் அந்த ஞானி பக்கத்தில் நின்று பார்த்தது போல விவரிக்கின்றார். இவர்கள் இல்லாமல் எந்த நகரிலும் மக்கள் குடியிருக்க முடியாது என்கின்றார். ஆனால் மக்கள் மன்றத்தில் இவர்களை யாரும் அழைத்து உட்கார வைப்பதில்லை என்றும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றார். நம் வீட்டுத் திருமணப் பேச்சுகளில் நடப்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கின்றார் என்றுதான் தோன்றுகின்றது. மாப்பிள்ளை லேத் பட்டறையில் இருக்கின்றார் என்றால் பெண் வீட்டாரின் முகம் மாறுகின்றது அல்லவா? இத்தனைக்கும் நாம் ஆராதிக்கும் ஆண்டவரைச் சொந்த ஊர் மக்கள் தச்சர் என்றுதான் அடையாளம் சொன்னார்கள் (மாற்கு 6:3). அவர்களும் அதை மரியாதையாகச் சொல்லவில்லை.

திருஅவை இந்தப் பிள்ளைகளை மறந்துவிடவில்லை. புனித தொன்போஸ்கோ தூரின் நகரில் அனாதைச் சிறுவர்களைச் சேர்த்துப் படிக்க வைத்தார் என்பது நாம் அறிந்ததே. அவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1852 பிப்ரவரி 8 அன்று ஒரு தச்சு வேலை முதலாளிக்கும் தம் பாதுகாப்பில் இருந்த ஒரு சிறுவனுக்கும் இடையே முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதி, தாமும் கையெழுத்திட்டார். முதலாளி தொழிலைக் கற்றுத்தர வேண்டும், வேறு எடுபிடி வேலை வாங்கக் கூடாது. தவறு செய்தால் வார்த்தையால் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. ஞாயிறும் திருநாளும் விடுமுறை. ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஓய்வு. தொழிற்பயிற்சி என்றால் இலவச எடுபிடி என்று இருந்த காலத்தில் இது பெரிய காரியம். இந்தியாவில் பயிற்சியாளர்களுக்கான இன்றைய சட்டம் 1961இல்தான் வந்தது. அடுத்த ஆண்டே, 1853இல், அவர் தம் இல்லத்திலேயே செருப்புத் தொழிலுக்கும் தையலுக்கும் பட்டறைகளைத் தொடங்கினார். தச்சு, அச்சு, இரும்பு வேலை எல்லாம் பின்னர் வந்தன.

அவருடைய சலேசிய சபையினர் இந்தியாவுக்கு முதலில் வந்தது நம் டெல்டாவுக்குத்தான். 1906 ஜனவரியில் தந்தை ஜார்ஜ் தோமாதிஸ் தலைமையில் ஒரு சிறு குழு தஞ்சாவூர் வந்து சேர்ந்தது. திருச்சியில் இயேசு சபையினரின் புனித வளனார் தொழிற்பள்ளி அச்சகம் இருந்தது. நம் தாத்தா பாட்டி காலத்து ஜெபப் புத்தகம் வீட்டில் இருந்தால் முதல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், அந்தப் பெயர் இருக்கக்கூடும். பிரிந்த சபைச் சகோதரர்களும் பின்தங்கவில்லை. நம் ஆட்சிப் பகுதியின் மாஹேக்குப் பக்கத்தில், தலச்சேரி நெட்டூரில், சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவர்களின் உதவியோடு 1959இல் தொடங்கிய பயிற்சி நிலையம்தான் இன்று என்.டி.டி.எப். என்று அறியப்படுகின்றது. கருவிகளும் அச்சுகளும் வடிவமைத்துச் செய்யும் படிப்புக்கு அது பெயர் பெற்றது.

பெற்றோருக்கு இன்னும் தயக்கம் இருந்தால் நம் திருத்தந்தையரைப் பார்க்கலாம். புனித இரண்டாம் யோவான் பவுல் இளமையில் கல் உடைக்கும் இடத்திலும் சோடா தொழிற்சாலையிலும் கூலியாக வேலை செய்தவர். மனித வேலையைப் பற்றி 1981இல் அவர் எழுதிய சுற்றுமடலில் அந்த அனுபவத்தின் வாசம் இருக்கின்றது. 2025 ஏப்ரலில் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ், தொழில்நுட்பப் பள்ளியில் படித்து வேதியியல் டெக்னீசியன் சான்றிதழ் பெற்று ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். இன்றைய திருத்தந்தை பதினான்காம் லியோ, தொழிலாளர் உரிமைக்காக 1891இல் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைத்தே அப்பெயரைத் தேர்ந்துகொண்டதாகச் சொன்னார்.

இவ்வளவு சொல்லிவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் பட்டறைக்கு அனுப்புங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. படிப்பில் நாட்டமுள்ள ஏழைப் பிள்ளையை, "உனக்கெல்லாம் ஐ.டி.ஐ. போதும்" என்று அனுப்புவதும் அநீதிதான். ஏழைக்கு அரம், வசதி உள்ளவனுக்குக் கணினி என்று பிரிக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கின்றது. அதைத் தொழிலின் மேன்மை என்ற பேச்சால் மூடிவிடக் கூடாது. கேட்க வேண்டியது பிள்ளையிடம். வீட்டில் மிக்சி கெட்டுப்போனால் யார் திருப்புளியோடு உட்காருவது? பழைய சைக்கிளைப் பிரித்துப் போட்டு மீண்டும் பூட்டியது யார்? அந்தப் பிள்ளைக்கு 90 மதிப்பெண் வந்தாலும் இந்த வழியைக் காட்டலாம். இது முட்டுச்சந்தும் அல்ல. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் டிப்ளமாவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரவும், டிப்ளமா முடித்தவர் பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கின்றது. காரைக்காலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அரசு ஐ.டி.ஐ.க்களும், வரிச்சிக்குடியில் பாலிடெக்னிக்கும் உள்ளன. திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகமே இருக்கின்றது.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் தையல் என்று முடிவு கட்டிவிடுகின்றோம். டிராப்ட்ஸ்மேன், எலக்ட்ரானிக்ஸ் போன்ற பிரிவுகளில் அவர்களுக்குத் தடை ஏதும் இல்லை. வேலை கிடைக்கும் ஊரில் தங்குவதற்கு நல்ல விடுதி இருக்கின்றதா என்பதே அம்மாக்களின் உண்மையான கவலை. இது நியாயமான கவலை. பெரிய தொழில் நகரங்களில் நம் அருட்சகோதரிகள் நடத்தும் மகளிர் விடுதிகளின் விவரத்தைப் பங்குத்தந்தையர் கேட்டு வாங்கித் தரலாம்.

விண்ணப்பம் நிரப்பும் முன் ஒரு நாள் பிள்ளையை அழைத்துக்கொண்டு அந்த நிலையத்திற்கே போய்ப் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். இயந்திரங்கள் ஓடுகின்றனவா, தூசி படிந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். ஆசிரியர் இருக்கின்றாரா, முடித்தவர்களுக்கு எந்த நிறுவனத்தில் தொழில் பழகுநர் பயிற்சி கிடைத்தது என்று கேளுங்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்று, ஆதார் ஆகியவை கையில் இருக்கும். குடியிருப்புச் சான்றும் சாதிச் சான்றும்தான் தாமதமாகும். தாலுகா அலுவலகத்தில் அவற்றுக்கு இப்போதே மனுக் கொடுத்துவிடுங்கள்.