ஓடுபாதையில் வெள்ளம்: செலவு யார் தலையில்?

2026 மார்ச் 31-ஆம் தேதி இரண்டு கணக்குகளுக்கு முடிவு நாள். பதினைந்தாவது நிதிக்குழு வகுத்துத் தந்த பேரிடர் நிதி ஒதுக்கீடு ஒன்று. 2021 ஏப்ரலில் தொடங்கிய சென்னை விமான நிலையத்தின் ஐந்தாண்டுக் கட்டணக் காலம் மற்றொன்று. இரண்டும் ஒரே பணம் என்று நினைத்து எழுதப்பட்ட வாசகர் கடிதங்கள் நிறைய வருகின்றன.

வெள்ளத் தடுப்புக்கு மத்திய அரசு தந்த 500 கோடியில் விமான நிலையத்துக்கு எவ்வளவு?

அது வேறு பணம். மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, 2023 டிசம்பரில், சென்னை வடிநிலத்துக்காக 561.29 கோடி ரூபாய் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதில் 500 கோடி தேசியப் பேரிடர் தணிப்பு நிதியிலிருந்து வரும் மானியம். ஊரின் ஏரி, கால்வாய் வேலைகளுக்கானது. மீனம்பாக்கத்தில் விமான நிலைய மதில் சுவருக்கு உள்ளே நடக்கும் வேலை விமான நிலைய ஆணையத்தின் மூலதனச் செலவு. இதையும் அரசு முதலீடு என்றே அறிக்கைகள் சொல்கின்றன. அதை அப்படியே ஏற்க முடியாது. மானியம் திரும்பி வராது. இந்த முதலீடு பயணிகளிடமிருந்து திரும்ப வசூலாகிறது.

எப்படி வசூலாகிறது?

விமான டிக்கெட்டின் கட்டண விவரத்தை விரித்துப் பாருங்கள். வரிகளுக்கு நடுவே யூ.டி.எஃப். என்று ஒன்று இருக்கும். பயனர் மேம்பாட்டுக் கட்டணம். விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையமான ‘ஏரா’ இதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிர்ணயிக்கிறது. நிலையம் போட்ட முதலீட்டுக்கு நியாயமான வருமானம், தேய்மானம், இயக்கச் செலவு, வரி எல்லாவற்றையும் கூட்டி, கடை வாடகை போன்ற வருவாயில் 30 சதவீதத்தைக் கழித்து, மீதியை விமான நிறுவனங்களிடமிருந்தும் பயணிகளிடமிருந்தும் பிரித்து வாங்க அனுமதிக்கிறது. மானியத்தில் கட்டியதற்கு வருமானம் கேட்க முடியாது. சொந்தப் பணத்தில் கட்டிய மழைநீர் வடிகாலுக்குக் கேட்கலாம்.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னை உறுத்துவது ‘ட்ரூ-அப்’ என்ற நேர்செய்தல். ஐந்தாண்டு முடிந்ததும், எதிர்பார்த்த வருவாயை உண்மையில் வந்ததோடு ஒப்பிடுவார்கள். கூடுதலாக வந்திருந்தால் அடுத்த ஐந்தாண்டுக் கட்டணத்தில் கழிப்பார்கள். குறைந்திருந்தால், இடைப்பட்ட காலத்துக்கு வட்டிபோல ஒரு தொகையும் சேர்த்து ஏற்றுவார்கள். கொரோனாவில் விமானங்கள் நின்றபோது நிலையங்களைத் தாங்கிப் பிடித்த ஏற்பாடு இது. அன்று தேவையாகவும் இருந்தது.

இதையே வெள்ளத்துக்குப் பொருத்திப் பாருங்கள். சென்னையின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. 2015 டிசம்பர் 1 இரவு ஆறு பெருக்கெடுத்து நிலையத்துக்குள் புகுந்தது. பயணிகள் விமானங்கள் மீண்டும் புறப்பட்டது 6-ஆம் தேதிதான். இடையில் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து சில விமானங்கள் இயங்கின. மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பர் 4 காலை மூடிய ஓடுபாதையை மறுநாள் காலையில் திறந்தார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்காக நண்பகலில் மூடி அடுத்த நாள் அதிகாலையில் திறந்தார்கள். இப்படி மூடிக் கிடந்த நேரத்தில் வராமல் போன வருவாயும், சேற்றை வாரி விளக்குகளைச் சரிசெய்த செலவும் நேர்செய்தல் வழியாக அடுத்த கட்டணத்துக்குள் நுழைய வழி இருக்கிறது.

ஐந்தாண்டில் நாலைந்து நாள் வருவாய் சிறு தொகைதான். ஆனால் விளைவு சிறியதல்ல. முனையக் கட்டடத்துக்கும் வடிகாலுக்கும் ஒரே விகிதத்தில் வருமானம். வடிகால் இல்லாமல் வெள்ளம் புகுந்தால் இழந்த கட்டணம் பிறகு வந்துவிடும். இப்படி இருக்கும்போது வடிகாலை முன்னால் கட்ட எந்த அதிகாரிக்கு அவசரம் வரும்? ஒப்புக்கொண்ட வேலையைக் குறித்த காலத்தில் முடிக்காவிட்டால் திட்டச் செலவில் 1 சதவீதத்தை ஏரா கழிக்கிறது. அது வேலை தாமதத்துக்கான பிடித்தம். வெள்ளத் தடுப்பு வேலை முடியாமல் இருந்து நிலையம் மூடப்பட்டால், அந்த நாட்களின் வருவாய் இழப்பை நேர்செய்யக் கூடாது என்ற ஒரு விதியை அடுத்த ஆணையில் சேர்த்தால் போதும், நிலைமை மாறும்.

காப்பீடு இல்லையா? உண்டு, பிரீமியமும் இயக்கச் செலவுதான், கட்டணத்தில் சேரும்.

கொச்சி? 2018 ஆகஸ்டில் பெரியாற்று வெள்ளத்தால் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. அரசும் பொதுமக்களும் பங்குதாரர்களாக உள்ள அந்த நிறுவனத்துக்கும் ஏராதான் கட்டணம் நிர்ணயிக்கிறது.

சிறிய விமான நிலையங்கள்? ஆண்டுக்கு 35 லட்சம் பயணிகளைத் தொடாதவை பொதுவாக ஏராவின் கீழ் வராது.

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குத் திட்டமிடப்பட்ட பரந்தூர்? கையகப்படுத்தும் நிலத்தில் ஏரிகளும் நீர்வழிகளும் இருப்பதால், வெள்ளத் தடுப்புச் செலவை இப்போதே தனியாகக் காட்டச் சொல்ல வேண்டும்.

வெள்ளத்தால் விமானம் ரத்தானால்? டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும், யூ.டி.எஃப். உட்பட, இயற்கைச் சீற்றம் என்பதால் நஷ்டஈடு கிடையாது.

பயணி கருத்து சொல்லலாமா? கட்டணத்தை இறுதி செய்யும் முன் ஏரா ஆலோசனைத் தாள் வெளியிட வேண்டும். யாரும் எழுதலாம், விமான நிறுவனங்களே அதிகம் எழுதுகின்றன.

கட்டணக் காலம் முடிவதற்குள் புதிய ஆணை வராவிட்டால்? பழைய கட்டணம் இடைக்கால ஏற்பாடாகத் தொடரும். தாமதத்தால் வரும் வித்தியாசமும் நேர்செய்தலில் சேரும்.