பத்திரமாக வைத்த பை ஏன் உரிந்தது?

போன ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது என் மனைவி பீரோவிலிருந்து ஒரு கறுப்புக் கைப்பையை எடுத்தார். நாலு வருஷத்துக்கு முன் எங்கள் கல்யாண நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. விலை கொஞ்சம் அதிகம். அதனால் 'நாலு பேர் வர்ற இடத்துக்கு மட்டும்' என்று ஒதுக்கி, கடையில் தந்த பாலிதீன் உறையிலேயே சுற்றி வைத்திருந்தார். மொத்தமே ஐந்து தடவை வெளியே வந்திருக்கும். அன்றைக்கு மண்டபத்தில் ஆட்டோவை விட்டு இறங்கிப் பார்த்தால் பட்டுப்புடவை முழுக்கக் கறுப்புச் செதில். பையின் மேல்பக்கம் பழைய சுவர் பெயின்ட் மாதிரி உரிந்து கொட்டிக்கொண்டிருந்தது.

"பத்திரமா வச்சதுதான் தப்பா?" என்று கேட்டார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை.

அதே வீட்டில் ஹால் ஷெல்ஃபில் என் அம்மாவின் பழுப்புத் தோல் பை இருக்கிறது. 1986இல் வாங்கியது. அம்மா டீச்சராக இருந்தவரை தினமும் பஸ்ஸில் போய் வந்த பை. இன்றைக்கும் அவருடைய மருந்துச் சீட்டுகளும் பேங்க் பாஸ்புக்கும் அதில்தான். தினமும் அடிபட்டது நன்றாக இருக்கிறது, பொத்திப் பொத்தி வைத்தது போய்விட்டது. இது ஏன் என்று தேடிப் படித்ததன் சுருக்கம்தான் இந்தப் பதிவு.

முதலில், உங்கள் பை எதனால் ஆனது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பராமரிப்புக் குறிப்பு எதையும் பின்பற்றாதீர்கள். ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு விஷம். ஜிப் ஓரத்திலோ உள்பாக்கெட்டின் விளிம்பிலோ வெட்டிய முனை தெரிகிறதா என்று பாருங்கள். துணி நெசவின் மேல் மெல்லிய படலம் ஒட்டியிருந்தால் அது செயற்கைத் தோல். பியூ எனப்படும் பாலியூரித்தேனாக இருக்கலாம், அல்லது நாம் ரெக்சின் என்று சொல்லும் பிவிசியாக இருக்கலாம். வெட்டு முனை முழுக்க நார் நாராக இருந்தால் நிஜத் தோல். இரண்டுக்கும் நடுவில் 'பாண்டட் லெதர்' என்று ஒன்று உண்டு. தோல் கழிவை அரைத்துப் பசையால் ஒட்டி, மேலே பியூ பூசியது. பெயரில் லெதர் இருக்கும், ஆனால் பியூ போலவே உரியும்.

பியூ ஏன் உரிகிறது?

பாலியூரித்தேன் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. பைகளில் அதிகம் வருகிற வகையில், அந்தச் சங்கிலியின் கண்ணிகள் பல இடங்களில் எஸ்டர் பிணைப்புகள். காற்றிலுள்ள நீராவி இந்தப் பிணைப்பை மெதுவாக வெட்டும். நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். வெட்டும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் அடுத்த வெட்டை இன்னும் வேகமாக்குகிறது. ஆகவே ஆரம்பத்தில் வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாது, பிறகு ஒரே சீசனில் மொத்தமும் கொட்டும்.

கவனியுங்கள், இதில் 'பயன்படுத்துவது' என்ற படியே இல்லை. ஈரமும் வெப்பமும் இருந்தால் போதும். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி எங்கள் பீரோவுக்குள் வைத்துப் பார்த்தேன். மழை நாட்களில் 80 சதவீதத்தைத் தொட்டது. பாலிதீன் உறை நீராவியைத் தடுக்கும் என்று நினைத்தோம். உறைக்குள் ஏற்கெனவே இருந்த ஈரத்தை அது வெளியே விடவில்லை.

பியூ பைக்கு நீங்கள் செய்யக்கூடியது: ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பது, காற்றாட வைப்பது, வெயிலில் நிற்கும் காருக்குள் விடாமலிருப்பது. எண்ணெய், கண்டிஷனர் எல்லாம் வீண். அது உள்ளே இறங்காது. உரிய ஆரம்பித்துவிட்டால் திருப்ப முடியாது. ஆகவே பியூ பையை வாங்கினால் தூக்கி வைக்காதீர்கள், ஆசை தீரப் பயன்படுத்துங்கள். வைத்திருந்தாலும் அதன் ஆயுள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ரெக்சினின் பிரச்சினை வேறு. பிவிசியை வளைய வைக்கச் சேர்த்த பொருள் காலப்போக்கில் மேலே கசியும். பிசுபிசுப்பு அதனால்தான். பிறகு விறைத்து வெடிக்கும். வெப்பத்திலிருந்து தள்ளி வையுங்கள். இன்னொரு பையோடு ஒட்டி வைத்தால் ஒன்றின் சாயம் மற்றதில் ஏறும்.

நிஜத் தோல் என்றால்

தோல் என்பது கொலாஜன் நார்களின் பின்னல். பதனிடும்போது நார்களுக்கு நடுவே ஏற்றிய எண்ணெய்ப் பசைதான் அதை வளைய வைக்கிறது. அது வற்றினால் வெடிப்பு. தோல் இயல்பாகக் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, துணி சோப்போ காரம். சோப்புத் தண்ணீரில் முக்கி எடுப்பது தோலுக்குச் செய்யும் பெரிய துரோகம். வாரம் ஒருமுறை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். அழுக்கு இருந்தால் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடையுங்கள். தோல் கண்டிஷனர் வருஷத்துக்கு இரண்டு தடவை, அதுவும் விரல் நுனியளவு. முதலில் அடிப்பக்கம் ஒரு மூலையில் தடவிப் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். திட்டுத் திட்டாகக் கறுத்து, தூசியையும் பிடித்துக்கொள்ளும். பேனா மைக்கு நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம். மையோடு மேல்பூச்சும் போய்விடும். மூடி சரியில்லாத சானிடைசர் பாட்டிலைப் பைக்குள் போடுவதும் அதே ஆபத்துதான்.

மழையில் நனைந்தால் ஒற்றி எடுத்து, உள்ளே காகிதம் திணித்து, ஃபேன் காற்றில் நிழலில் காய விடுங்கள். வெயிலோ ஹேர் ட்ரையரோ தோலைச் சுருக்கிவிடும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருட்களில் பதனிட்ட தோல் என்றால் இன்னொரு எச்சரிக்கை. ஈரமாக இருக்கும்போது இரும்புச் சாவி பட்டால் கறுப்புக் கறை விழும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்துதான் கலம்காரித் துணியின் கறுப்பு வருகிறது. அதே வேதியியல் உங்கள் பையிலும் நடக்கும்.

ஈரப்பதம் 70ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வெள்ளையாகப் பூத்தால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், உலர்ந்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பை முதலில் போவது வாரில்தான்

வார் சேரும் இடத்துத் தையல்தான் மொத்தச் சுமையையும் தாங்குகிறது. ஒரு நூல் பிரிந்த அன்றே செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் சின்ன வேலையோடு முடியும். விட்டால் ஓட்டையே கிழிந்துவிடும். வீட்டில் இருக்கும்போது சாமான்களோடு ஆணியில் மாட்டாதீர்கள். ஜிப் இறுகினால் பல்லில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். மூடிய பிறகும் பல் வாயைப் பிளந்தால் கோளாறு பெரும்பாலும் பல்லில் இல்லை, ஓட்டியின் வாய் விரிந்திருக்கும். இடுக்கியால் இரண்டு பக்கமும் மெதுவாக அழுத்தினால் பல சமயம் சரியாகிவிடும்.

வைக்கும் முறை

பழைய பருத்தித் தலையணை உறை போதும். வடிவம் கெடாமல் உள்ளே வெள்ளைக் காகிதமோ பழைய வேட்டித் துணியோ வையுங்கள். செய்தித்தாளின் மை உள்துணியில் ஒட்டும். அந்துருண்டை பூச்சிக்கானது, ஈரத்தை உறிஞ்சாது. பையோடு வரும் சிலிகா ஜெல் பொட்டலமும் ஓரளவு குடித்ததும் நிரம்பிவிடும். ஒரே பொட்டலத்தை வருஷக்கணக்கில் நம்பாதீர்கள். எல்லாவற்றையும்விட, மாதம் ஒருமுறை வெளியே எடுத்துத் திறந்து வையுங்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன், இத்தனை வருஷம் பைக்கு என்னதான் செய்தாய் என்று. "என்ன செஞ்சேன்? சனிக்கிழமை எல்லாத்தையும் கொட்டி, அப்பாவோட பழைய வேட்டியால தொடச்சு, திண்ணைல வாயத் தொறந்து வைப்பேன். அவ்ளோதான்." நான் இத்தனை நாள் தேடிப் படித்ததில் முக்கால்வாசி இதில் அடங்கிவிட்டது.

மனைவியின் கேள்விக்கும் இப்போது பதில் உண்டு. பத்திரமாக வைத்தது தப்பில்லை. எடுத்துப் பார்க்காமலேயே வைத்ததுதான் தப்பு. போன வாரம் புதுப் பை வாங்கினார். மறுநாளே ஆபீஸுக்கு மாட்டிக்கொண்டு போய்விட்டார்.