பழைய காடி எங்கே போகிறது?

மகிழுந்து என்று நாம் எழுதினாலும் தோட்டத்தில் அது காடிதான். லயன் வீட்டுக்குப் பின்னால் ஓடாத காடி ஒன்று நிற்பதும் நம்மில் பலருக்குப் பழகிய காட்சி. செண்டாயானில் எங்கள் தாத்தாவின் டட்சன் 120ஒய் அப்படித்தான் நின்றது. முதலில் அதில் கோழி அடைந்தது; பிறகு கோவைக்கொடி படர்ந்தது. தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனபோது, பழைய இரும்பு வாங்குபவர் லாரியில் ஏற்றிச் சென்றார். தாத்தா நம்பர் பிளேட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார்.

அதன்பின் அந்தக் காடி என்னவாகியிருக்கும்?

முதலில் பிரிப்பார்கள். இயங்கும் உதிரிப்பாகங்கள் பட்டறைகளுக்குப் போகும். அங்கே அவற்றுக்குப் போட்டி, ஜப்பானிலிருந்து வரும் 'ஹாஃப் கட்'. அந்நாட்டில் புதிய காருக்கு 3 ஆண்டுகளிலும், பிறகு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனை உண்டு. செலவுக்கு அஞ்சிப் பலர் நன்றாக ஓடும் காரையே கழித்துவிடுகிறார்கள். அதன் முன்பாதி, எஞ்சினோடு வெட்டப்பட்டுக் கப்பலேறுகிறது. அவர்கள் கழித்தது நமக்குப் புதுசு!

பேட்டரி ஈயத்துக்காக எடை போடப்படும். செம்புக்கும் அலுமினியத்துக்கும் தனி விலை. எஞ்சிய கூடு நசுக்கப்பட்டு, மின்வில் உலையில் உருகிக் கட்டுமானக் கம்பியாகிறது. பண்டார் ஸ்ரீ செண்டாயானில் ஏதோ ஒரு வீட்டுத் தூணுக்குள் தாத்தாவின் டட்சன் நிற்கலாம்.

விலைபோகாதவைதான் சிக்கல். கழிவு எண்ணெயையும் பழைய பேட்டரியையும் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் 'அட்டவணைக் கழிவுகள்' என்கின்றன. இத்தகைய கழிவுகளுக்கான நாட்டின் முதல் ஒருங்கிணைந்த மையம் 1998இல் இயங்கத் தொடங்கியது. அதுவும் நமக்கு அண்டையிலேயே, போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் நானாஸில். ஆனால் லயனுக்குப் பின்னால் ஒழுகிய எண்ணெய் அங்கே போகவில்லை, மண்ணுக்குள் போனது. காடி நின்ற இடத்தில் பாட்டி விதைத்த கீரை முளைக்கவே இல்லை. டயரில் தேங்கிய நீரில் கொசுப் புழு நெளிந்தது. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அது குற்றம்!

2009 அக்டோபரில், 15 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குச் சாலை வரி புதுப்பிக்கையில் கட்டாயச் சோதனை என்று அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாள்களில் பின்வாங்கியது. நோக்கம் சரியானதே. ஆனால் பழைய காடியை ஆசைக்காகவா வைத்திருக்கிறார்கள்? இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தோட்டத்துக்குப் பேருந்து வராதே!

இரும்புக்கு விற்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவை ரத்து செய்வது. தாத்தாவும் மறந்தார். அவர் காலமாகிப் பல ஆண்டுகளாகின்றன. இலாகாவின் பதிவேட்டில் மட்டும் அவர் இன்னும் ஒரு டட்சனுக்குச் சொந்தக்காரர்.