சான்றிதழ்க் கட்டு

தேர்வு முடிவில் தம் பதிவெண்ணைக் கண்டவுடனே வேலை கைக்கு வந்துவிட்டதாக எண்ணி மகிழ்வோர் பலர். ஆனால், சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்படுவதனாலேயே பணி உறுதியாகிவிடாது என்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமே அறிவித்து விடுகின்றது. நான்காம் தொகுதித் தேர்வில் நேர்முகத் தேர்வு கிடையாது. விடைத்தாளுக்குப் பிறகு நமக்காகப் பேச வேண்டியவை நம்முடைய தாள்களே. அவை யாவும் ஒரே மனிதரைப் பற்றி ஒரே செய்தியைச் சொல்கின்றனவா என்பதுதான் அங்கே ஆராயப்படுகின்றது.

இந்த ஆணையம் 1929ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டத்தால் தோன்றியது. இந்திய மாகாணங்களுள் இத்தகைய அமைப்பை முதலில் கண்டது நம்முடையதே. சிபாரிசு செல்லாத இடத்தில் சான்றுதானே பேச வேண்டும்? ஆகவே தாள்களில் அவர்கள் காட்டும் கண்டிப்பை நான் குறை கூறமாட்டேன். ஆயினும் அக்கண்டிப்பின் பாரம், வழிகாட்ட ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகள் மீதே மிகுதியாக விழுகின்றது என்பதையும் மறைக்க இயலாது.

திருச்செங்கோட்டுப் பக்கத்து மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். தந்தை லாரி ஓட்டுநர். பிழைப்பை நாடிக் குடும்பம் இடம் பெயர்ந்ததனால், அவள் சங்ககிரியில் ஒரு பள்ளியிலும், நாமக்கல்லில் ஒரு பள்ளியிலும், பின்னர் ஓமலூரில் ஒரு பள்ளியிலும் பயின்றாள். எங்கும் தமிழ்வழிக் கல்விதான். தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அது திருத்தப்பட்டு, முதல் வகுப்பிலிருந்தே தமிழில் பயின்றிருக்க வேண்டும் என்றாயிற்று. எனவே மூன்று பள்ளிகளிலும் அவள் தனித்தனியே சான்று பெற வேண்டும். ஒரு பள்ளியின் சான்று விட்டுப்போனாலும், அத்தனை ஆண்டுகள் தமிழில் படித்தது உண்மையாகவே இருந்தும், அந்த முன்னுரிமை அவளுக்குக் கிட்டாது. அழைப்பு வந்தபின் இதற்காக அலைவதற்குப் போதிய நாள் இராது. பள்ளியோ கோடை விடுமுறையில் இருக்கலாம். விண்ணப்பிக்கும் முன்பே பெற்று வைத்தல் வேண்டும்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் துணை வட்டாட்சியரும், ஆதிதிராவிடருக்கு வட்டாட்சியரும், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரும் இதனை வழங்குகின்றனர். கொல்லிமலையிலிருந்து சமவெளிக்கு இறங்கி வந்து குடியேறிய மலையாளி இனத்தார் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்திருத்தல் நலம். மணமான பெண்கள் கணவர் பெயரில் சான்று வாங்கிச் செல்வதும் ஒரு தவறு. அது தந்தை பெயரிலேயே இருக்க வேண்டும். விண்ணப்பம் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமும், பின்னர் வருவாய் ஆய்வாளரிடமும் செல்லும். இடையே ஒன்று சொல்கிறேன்: அந்தக் கிராம நிர்வாக அலுவலரும் இந்த ஆணையத்தின் தேர்வை எழுதி வந்தவரே. 2018 முதல் அப்பதவிக்கும் நான்காம் தொகுதித் தேர்வே வழி.

இப்பகுதியில் இன்னொரு குழப்பம் உண்டு. இராசிபுரத்தில் பிறந்த ஒருவரின் பழைய தாள்களில் சேலம் மாவட்டம் என்றிருக்கும். புதியவற்றில் நாமக்கல் மாவட்டம் என்றிருக்கும். இதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. 1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாள்தான் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஊர் நகரவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது.

பெயரின் கதை அப்படியன்று. பத்தாம் வகுப்புச் சான்றில் 'செ. முருகன்' என்றிருப்பவர், பட்டத்தில் 'முருகன் செல்லமுத்து' ஆகிவிடுகின்றார். தலைப்பெழுத்தை விரித்தது தவிர வேறொன்றும் அவர் செய்யவில்லை. எனினும் தாளைப் பார்ப்பவருக்கு இருவராகத் தோன்றக்கூடும். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே எங்கும் எழுதிவருதல் எளிய வழி. பெயரையே மாற்றிக்கொண்டவர் அரசிதழில் அதனை வெளியிட்டு, அந்தப் பக்கத்தையும் கட்டில் சேர்க்க வேண்டும்.

கல்வித் தகுதியை அறிவிக்கை வெளியான நாளிலேயே பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பின் தேர்வு முடிவு வந்தவர், எத்துணை மதிப்பெண் பெற்றிருந்தாலும், அடுத்த அறிவிக்கைக்குக் காத்திருக்க வேண்டியவரே. பட்டமளிப்பு விழா தாமதமாவதைப் பற்றிக் கவலை வேண்டாம். தற்காலிகச் சான்று கையில் இருக்கட்டும்.

இப்போது சான்றுகளை முதலில் கணினி வழியாகவே அனுப்பச் சொல்கின்றனர். முத்திரையும் தேதியும் மங்கிய படம் பயன்படாது. அனுப்புமுன் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னரே மூலச் சான்றுகளுடன் சென்னைக்கு அழைப்பு வரும். சேலத்திலிருந்து ஏற்காடு விரைவு வண்டியில் இரவில் ஏறினால் விடியற்காலையில் சென்னை சென்ட்ரல் சேர்ந்துவிடலாம். பூங்கா நகரிலுள்ள ஆணைய அலுவலகம் அங்கிருந்து தொலைவில் இல்லை. உடுப்புப் பெட்டி இருக்கைக்குக் கீழே கிடக்கட்டும். சான்றிதழ்க் கட்டு மட்டும் தலைமாட்டில் இருக்கட்டும்.