ஒரே தொட்டில், வேறு வேறு கட்டணம்

வீட்டுக் காப்பகங்களில் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் தொகை, வெளியே தெரியவரும்போது நம்பிக்கையை உடைக்கிறது.

மும்பை, புனே நகரங்களின் நடுத்தர வர்க்கக் குடியிருப்புகளில் மாடிப்படி ஓரமாக ஒரு சிறு பலகை தொங்கும்: 'பாள்ணாகர்'. மராத்தியில் தொட்டில் வீடு என்று பொருள். உள்ளே பெரும்பாலும் இரண்டு அறைகள், நடுவயதைத் தாண்டிய ஓர் இல்லத்தரசி, ஐந்தாறு குழந்தைகள். டோம்பிவிலியிலும் தாணேயிலும் காலை லோக்கலைப் பிடிக்க ஓடும் தாய்மார்களுக்கு இதுதான் கதி. மாதம் பிறந்தால் பணம் கைமாறும். ரசீது பெரும்பாலும் கிடையாது. குழந்தை 'மாவ்ஷி', அதாவது சித்தி, என்று அழைக்கும் பெண்ணிடம் எப்படி ரசீது கேட்பது?

உறவு முறை வைத்துப் பேசும் இந்த ஏற்பாடு, இரண்டு தாய்மார்கள் ரயிலில் அருகருகே உட்காரும்போது ஆட்டம் காண்கிறது. ஒருவர் தருவது 4,000 ரூபாய், மற்றவர் தருவது 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பாய், ஒரே பருப்பு சாதம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

காரணங்கள் பல. கைக்குழந்தைக்கு வேலை அதிகம். பள்ளி விட்டு வரும் குழந்தைக்கு அரை நாள் போதும். சிலர் வீட்டிலிருந்தே சாப்பாடு கொடுத்தனுப்புகிறார்கள். அண்ணன் தங்கை என்றால் சலுகை. வேலை இழந்த தகப்பனுக்கும் சலுகை. இவற்றை யாரும் குறை சொல்வதில்லை. உறுத்துவது வேறொன்று: மூன்று வருடங்களுக்கு முன் பேசிய தொகையைப் பழைய குடும்பங்களிடம் உயர்த்தக் கூச்சம்; அந்த இழப்பு புதியவர்கள் தலையில் விழுகிறது.

மேற்சொன்ன தொகைகளை வைத்தே கணக்குப் போடலாம். பழைய குழந்தைகள் நால்வர், புதியவர்கள் இருவர். மொத்த வருமானம் 28,000 ரூபாய். சமமாகப் பிரித்தால் தலைக்கு சுமார் 4,667. ஆக, புதியவர் ஒவ்வொருவரும் மாதம் 1,333 ரூபாயைப் பழையவர்களுக்காகத் தருகிறார். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நாளுக்கு 11 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால், ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவருக்கு மணிக்கு 100 ரூபாய்கூடத் தேறவில்லை. பால், பிஸ்கட், உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளம் எல்லாம் இதற்குள்தான்.

சட்டம் இங்கே அதிகம் உதவாது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்றது. தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். சிறு அலுவலகத்திலும் கடையிலும் வேலை செய்பவர்களுக்கு அது எட்டாக் கனி. அலுவலகத்தில் வசதி இருந்தாலும், நெரிசல் நேர லோக்கலில் கைக்குழந்தையோடு ஏறுவது யாரால் முடியும்?

வித்தியாசமான கட்டணம் அரசுக்கும் புதிதல்ல. 2017இன் தேசியக் காப்பகத் திட்ட விதிகளில் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய். மாத வருமானம் 12,000 ரூபாய் வரை என்றால் 100. அதற்கு மேல் 200. பத்து மடங்கு வித்தியாசம்தான். ஆனால் காரணம் எழுத்தில் இருந்தது. அந்தத் திட்டம் 2022இல் மிஷன் சக்தியின் கீழ் 'பால்னா' என்று பெயர் மாறியது. அதற்கும் தொட்டில் என்றே பொருள்.

வீட்டுக் காப்பகத்தில் எதுவும் எழுத்தில் இல்லாததால், அதிகம் கொடுக்கும் தாய் வாயைத் திறக்கப் பயப்படுகிறாள். கேட்டால் குழந்தையிடம் முகம் மாறுமோ, இடமில்லை என்று சொல்லிவிடுவார்களோ? நடத்துபவருக்கோ, பழையவர்களிடம் உயர்த்தினால் போய்விடுவார்களோ என்ற பயம். கடைசியில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் குழந்தை நிறுத்தப்படுகிறது. பழகிய மடியை இழப்பது, கட்டணம் என்றால் என்னவென்றே தெரியாத குழந்தை.

தீர்வு பெரிய செலவு வைப்பதல்ல. வயது, நேரம், சாப்பாடு, தாமதக் கட்டணம், ஜூன் மாத உயர்வு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் ஒன்றுபோலத் தரலாம். பழைய குடும்பங்களுக்குப் படிப்படியாக உயர்த்தலாம். கஷ்டத்தில் இருப்பவருக்குச் சலுகை உண்டு என்பதையும் எழுதலாம், பெயர் சொல்லாமல். சித்தி என்று கூப்பிடுவதில் தவறில்லை. சித்திக்கும் சம்பளம் உண்டு என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் சரி.